பெயர் எழுதிய தகர மூடி

என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுவதற்கு எனக்குப் பல வழிகள் இருந்தன. சோறு ஆகிவிட்டது என்றால் கரண்டியால் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு. யாராவது வந்திருந்தால் தொண்டையைச் செருமுவேன். கோபம் என்றால் தண்ணீர்ச் செம்பைத் தரையில் சத்தம் கேட்க வைப்பேன். கூட்டத்தில் அவர் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டால் வளையல் கையை உதறுவேன். தாராவிச் சந்தை இரைச்சலிலும் அந்தச் சத்தம் அவர் காதுக்குப் போய்ச் சேரும். வேறு எந்தப் பெண்ணின் வளையலுக்கும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

என் மகள் படித்தவள். கற்பனை, காதல், சுதந்திரம், மனித மனம் என்று பெரிய பெரிய சொற்களை எடுத்து வைத்துக்கொண்டு தோழிகளோடு பேசுவாள். செம்பூர் வீட்டில் பக்கத்து அறையில் கீரை ஆய்ந்தபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் அதில் சொல்ல இருக்கிறது. எனக்கு எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது ஆகிவிடும். ஆகட்டும், நான் எந்த ரயிலையும் பிடிக்க வேண்டியதில்லை.

பெயரைச் சொல்லாமல் ஒரு ஆளோடு குடும்பம் நடத்தினேன். அந்தப் பெயரைச் சொல்லாததால் ஒரு தடவை அவரைத் தொலைத்துவிடப் பார்த்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கட்டினவள் கட்டினவன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும். எவ்வளவு குறையும், ஒரு நாளா ஒரு வருஷமா என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் பயம் அதிகம். எங்கள் ஊர்ப்பக்கம் கடற்கரையில் கையில் வேலோடு நிற்கிற சாமியின் பெயர்தான் அவருக்கு. கோவிலில் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிடும்போது, நான் அதே சாமியின் வேறொரு பெயரைச் சொல்லிக் கும்பிடுவேன். அந்தச் சாமிக்குப் பெயர்கள் நிறைய. அந்த மட்டும் வசதி. சாம்பாரில் போடுகிற ஒரு காய் அவர் பெயரைப்போலவே ஆரம்பிக்கும். அதை நான் நெட்டைக்காய் என்றுதான் சொல்வேன். காய்க்காரன் முதலில் விழித்தான். பிறகு அவனும் என்னைக் கண்டால், "அக்கா, நெட்டைக்காய் வந்திருக்கு" என்று கூவ ஆரம்பித்துவிட்டான்.

நான் பம்பாய்க்கு வந்தது சண்டைக் காலம். உலகத்துச் சண்டையைச் சொல்கிறேன், எங்கள் வீட்டுச் சண்டையை அல்ல. தாராவியில் சதுப்பு நிலத்துக்கும் தோல் கிடங்குகளுக்கும் நடுவே வரிசையாகக் குடிசைகள். எங்களுடையது மூன்றாவது. அடுத்த வீட்டில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி, எனக்கு மதினி முறை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். எனக்கு எது தெரியாவிட்டாலும் அவளிடம்தான் கேட்பேன். எது தெரிந்தாலும் அவள் அதில் தப்புக் கண்டுபிடிப்பாள்.

வீட்டுக்காரருக்கு மாட்டுங்காவில், ரயில் பெட்டிகளைச் செப்பனிடுகிற ஒர்க்‌ஷாப்பில் வேலை. பெட்டிகளின் மேல் நம்பரும் எழுத்தும் வரைகிற பெயிண்டர். அவருக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் நாள் முழுவதும் இங்கிலீஷ்தான் எழுதுவார். மாதிரியைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுவார். மாதிரியைவிட நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்னை ரயில் ஓரமாக நிறுத்தி, கடந்து போகிற பெட்டியைக் காட்டி, "அந்த ரெண்டாவது எழுத்தப் பாத்தியா? அதுக்கு வயிறு சரியா விழல. அது நான் எழுதினதில்ல" என்பார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "அது எனக்கு என்னத்துக்கு? வயிறு சரியா இருக்கணும்" என்பார். அர்த்தம் தெரியாமலே ஒன்றை இவ்வளவு ஆசையாகச் செய்ய முடியுமா என்று அப்போது நினைத்தேன். பிறகு பிள்ளை பெற்றபோது முடியும் என்று தெரிந்தது.

சண்டைக் காலத்தில் அரிசிக்கு கார்டு வந்தது. கார்டு இல்லாவிட்டால் அரிசி இல்லை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மாட்டுங்காவில் கார்டு எழுதிக் கொடுக்கிற ஆபீசுக்கு நான்தான் போனேன். வரிசை தெருமுனை வரை நின்றது. பக்கத்து ஓட்டலிலிருந்து காப்பி வறுக்கிற வாசனை வந்து வந்து வயிற்றைக் கிள்ளியது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மாட்டுங்காவிலேயே குடியிருக்கிற தமிழ்க்காரர். நெற்றியில் சந்தனம், காதோரம் பென்சில். தமிழ் ஆள் என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியம் முதல் கேள்வி வரைக்கும்தான் இருந்தது.

"ஆத்துக்காரர் பேர் என்னம்மா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பேரைச் சொல்லு. நாழியாறது."

"கடக்கரைல நிக்கிற சாமி பேருங்க."

"எந்தக் கடற்கரை? பம்பாயே கடற்கரைதான்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எங்க ஊருப் பக்கத்துச் சாமி. கைல வேல் இருக்கும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த மாதிரி அன்றைக்கு எத்தனை பெண்களைப் பார்த்தாரோ பாவம். அந்தச் சாமியின் பெயர்களில் ஒன்றைச் சொன்னார். அவர்கள் வீடுகளில் வைக்கிற மாதிரியான, நீளமான பெயர். "அதுதானே?"

அது இல்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் அடுத்த பெயரைச் சொல்வார், அதற்கு அடுத்ததைச் சொல்வார். கடைசியில் உண்மைப் பெயர் அத்தனை பேர் காதிலும் விழும். அதற்கு நான் தலையாட்டினால் அதுதான் பெயர் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். யோசித்தேன். சாமி ஒன்றுதானே? ஆபீசில் இதற்கு இந்தப் பெயர் போலிருக்கிறது, நாம் சோறு என்பதை அவர்கள் சாதம் என்பதுபோல. தலையாட்டிவிட்டேன். அவர் இங்கிலீஷில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். ஜெயித்துவிட்ட மாதிரி வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர், இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் கார்டைக் காட்டிவிட்டு வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"ஏட்டி, இது யாரு பேருட்டி?"

"உங்க பேருதான்."

"எம் பேரா? எங்க அம்மை கேட்டா நெஞ்சடைச்சிப் போவா."

"அதே சாமிதான?"

"சாமி ஒண்ணுதான். ஆளு வேறல்லா?" என்று கார்டை ஆட்டிக் காட்டினார். "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, இதப் பாத்து வேற எவனையாவது கொண்டாந்து உங்கிட்ட விட்டுட்டுப் போவான். வாங்கி வச்சுக்கிடுவியா?"

"நல்ல ஆளா இருந்தா வச்சுக்கிடுதேன்."

பக்கத்து வீட்டிலிருந்து மதினியின் சிரிப்பு கேட்டது. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அதைத் திருத்த வேண்டும் என்றால் அவர் ஒரு நாள் லீவு போட்டுப் போய் நிற்க வேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய், அப்படியே நின்றுவிட்டது. அரிசிக் கடை சேட் கார்டுப் பெயரைத்தான் கூவுவார். முதல் முறை வீட்டுக்காரர் பேசாமல் நின்றுகொண்டே இருந்தாராம். மூன்று தடவை கூவி, சேட் கார்டை ஓரமாகத் தள்ளிவிட்ட பிறகுதான், அது தான்தான் என்று ஞாபகம் வந்ததாம்.

எனக்கு ஒரு நாள் திடீரென்று பொறி தட்டியது. கார்டுப் பெயர் அவர் பெயர் இல்லையே. அப்படியானால் அதை நான் சொல்லலாமே! அவர் குளித்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் இருந்தபடியே அந்த நீளப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"யாரட்டி கூப்பிடுத?"

"நம்ம வீட்டு அரிசி யாரு பேர்ல வருதோ, அவரத்தான்."

பிறகு சிரிக்கிறார், சிரிக்கிறார், அப்படிச் சிரிக்கிறார். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், அவர், கார்டுக்காரர். குழம்பில் உப்புக் குறைந்தால், "கார்டுக்காரருக்கு இப்படித்தான் பிடிக்கும்" என்பேன். எனக்குப் பூ வாங்கி வந்தால், "நான் வாங்கல, அந்தாளு குடுத்துவிட்டான்" என்பார். பேசத் தெரியாத ரெண்டு பேர் பேசிக்கொள்வதற்காக, இல்லாத ஒரு ஆளை உண்டாக்கிக்கொண்டோம். மகளின் தோழிகள் கற்பனை என்று சொல்வது இதைத்தானோ என்னவோ. நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

இருந்தாலும் அவருக்கு மனதின் ஓரத்தில் உறுத்தல் இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிஸ்கட் டப்பாவின் தகர மூடி ஒன்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பச்சைப் பெயிண்டால் நான்கு எழுத்து வரைந்தார். அப்படி நிதானமாக வரைந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு எழுத்தின் வயிற்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். காய்ந்ததும் என் மடியில் வைத்தார்.

"இதுதான் நான். இனிமே எந்த ஆபீசுல கேட்டாலும் வாயத் தொறக்க வேண்டாம். இதக் காட்டு, போதும்."

"எழுதினா மட்டும் பரவால்லையா? சொன்னதுக்குச் சமம்தான?" என்று நான் மதினியிடம் கேட்டேன். மதினி நன்றாக யோசித்தாள். "வாயிலேருந்து வந்தாத்தான் குத்தம். தகரத்துக்கு வாயி இல்லல்லா?" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அந்த நான்கு எழுத்துதான் நான் முதலில் கற்றுக்கொண்டது. அடுப்பு எரிகிற நேரம் விரலைத் தண்ணீரில் தொட்டுத் தரையில் எழுதிப் பார்ப்பேன். காய்வதற்குள் முடிக்க வேண்டும். எழுத எழுத அந்த எழுத்துகளுக்குள்ளேயே வேறு எழுத்துகள் இருப்பது தெரிந்தது. கொம்பை எடுத்தால் ஒன்று, சுழியைப் போட்டால் ஒன்று. பத்திரிகைத் தாளில் சுற்றி வருகிற பருப்பைக் கொட்டிவிட்டு, அந்தத் தாளில் அவரைத் தேடுவேன். முதல் எழுத்து ஒரு வரியில் இருக்கும், மூன்றாவது எழுத்து வேறொரு வரியில் இருக்கும். உலகம் முழுக்க அவரைத் துண்டு துண்டாக அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். இதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம், துறைமுகத்தில் கப்பல் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளம்பினார்கள். ஊரே கொந்தளித்தது. ரயில் நின்றது. ஒர்க்‌ஷாப் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊர்வலம் போனார்கள். வீட்டுக்காரர் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால் துணியில் எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று இவரைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பிரஷையும் பெயிண்டையும் எடுத்துக்கொண்டு பரேல் பக்கம் போனவர் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பரேலில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி மட்டும் வந்தது.

மதினியின் வீட்டுக்காரர் சந்து சந்தாக நுழைந்து விசாரித்துவிட்டு வந்தார். அடிபட்டவர்களையெல்லாம் பரேலில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்களாம். யார் என்ன என்று தெரியவில்லையாம். மூன்றாம் நாள் விடிந்ததும் நான் கஞ்சி காய்ச்சித் தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டேன். கார்டையும் தகர மூடியையும் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"ஒத்தையில போவாத ஏளா. ஆம்பிள யாராச்சும் வரட்டும்" என்றாள் மதினி.

"ஆம்பிளயத் தேடித்தான போறேன்" என்றேன்.

சயான், மாட்டுங்கா, தாதர் என்று நடந்தே போனேன். டிராம் தண்டவாளத்தில் கல் கிடந்தது. கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. தாதருக்கு அந்தப் பக்கம் ஒரு சுவரில் துணி ஒன்று கட்டித் தொங்கியது. ஒரு முனை கிழிந்திருந்தது. சிவப்பு எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாத பாஷை. ஆனால் எழுத்துகளின் வயிற்றைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அளவெடுத்த மாதிரி உருண்டு விழுந்திருந்தது. இந்த இடம் வரைக்கும் உயிரோடு வந்திருக்கிறார் என்று அந்தத் துணி சொன்னது. இதற்கு அப்புறம் என்ன என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மேசை போட்டு, நீளமான பட்டியலோடு ஒருவர் இருந்தார். மராட்டிக்காரர். கண்கள் சிவந்து, தூங்கி எத்தனை நாள் ஆனதோ என்பதுபோல இருந்தார்.

"நாம் க்யா ஹை?"

பெயர்தான் கேட்கிறார். தகர மூடியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார்.

"யே க்யா? மத்ராஸி?"

நான் விரலால் தட்டித் தட்டிக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதிய வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, தீர்ப்புச் சொன்ன மதினிக்கும் தோன்றவில்லை. தமிழில் எழுதினால் உலகம் முழுக்கப் படிக்கும் என்று மூன்று பேரும் நினைத்திருந்தோம்.

அவசரத்தில் கார்டை நீட்டினேன். இங்கிலீஷில் இருந்ததால் அவர் முகம் தெளிந்தது. விரலைப் பட்டியலில் ஓடவிட்டார். ஓரிடத்தில் விரல் நின்றது. "ஊப்பர். ஆட் நம்பர்" என்று மேலே கையைக் காட்டினார். மேல்மாடி, எட்டாம் நம்பர்.

நான் ஏறினேன் என்று சொல்ல முடியாது. படிகள்தான் எனக்குக் கீழே ஓடின. கார்டுப் பெயர் கார்டுப் பெயர்தான், அவர் பெயர் இல்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே இல்லை. அத்தனை நாள் விளையாட்டாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அது அவராகவே ஆகிவிட்டிருந்தது. மனம் இப்படியும் செய்யும். நாமே கட்டிய பொய்க்குள் நம்மையே குடிவைத்துவிடும்.

எட்டாம் நம்பர் கட்டிலில் தலையில் கட்டோடு ஒருவர் படுத்திருந்தார். என் வீட்டுக்காரர் இல்லை. சின்ன வயது. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"யாரு தாயி? எங்கூட்டுல இருந்து வந்தீங்களா?"

சேலத்துப் பக்கத்து ஆள். மில் வேலைக்கு வந்தவராம். நான் கேட்காமலே அவர் தன் பெயரைச் சொன்னார். கார்டில் இருந்த அதே நீளப் பெயர். மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் இல்லாமல் இருந்த ஆள், இங்கே கட்டிலில் உயிரோடு படுத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்று கேட்டார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தூக்குச் சட்டியைத் திறந்தேன். சட்டியின் மூடியில் ஊற்றி ஊற்றிப் பாதிக் கஞ்சியை அவருக்குக் குடிக்கக் கொடுத்தேன். அந்தப் பெயரில் வாங்கின அரிசிதானே, அந்தப் பெயர்க்காரர் குடிப்பதுதான் நியாயம். மீதிப் பாதியை மூடிவைத்தேன். அதற்கும் ஒரு ஆள் இருக்க வேண்டும், இருக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் மெல்லக் கையை ஊன்றி எழப் பார்த்தார். "பேர் தெரியாம நெறையப் பேரக் கொண்டாந்து போட்டிருக்காங்க தாயி. பாதிப் பேருக்கு மொகமெல்லாம் கட்டு. உள்ள விடமாட்டாங்க. வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. இருந்தாக் கொரல் குடுப்பாரு."

பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

பெரிய ஹாலின் வாசலில் போய் நின்றேன். ஐம்பது கட்டில் இருக்கும். இரண்டு வரிசை போதாமல் தரையிலும் படுக்க வைத்திருந்தார்கள். வெள்ளை உடுப்பு நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள். நான் முதலில் கரண்டித் தட்டு மாதிரி தூக்குச் சட்டியைத் தட்டிப் பார்த்தேன். அங்கே எல்லாருடைய சட்டியும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமினேன். ஐம்பது பேர் செருமிக்கொண்டிருந்தார்கள். வளையல் கையை உதறினேன். யாரும் திரும்பவில்லை. என்னுடைய எல்லா வழிகளும் எங்கள் வீட்டுக்குள் செல்லுகிற காசு. அந்த ஹாலில் ஒன்றும் செல்லவில்லை.

என் வாயை யாரும் கட்டவில்லை. மாமியார் ஊரில் இருந்தாள். மதினி தாராவியில் இருந்தாள். அந்த ஹாலில் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இருந்தும் வாய் திறக்கவில்லை. வெள்ளைக்காரனைத் துரத்துவதுகூட லேசு என்று தோன்றியது. அவன் வெளியில் நிற்கிறான், கண்ணுக்குத் தெரிகிறான். இந்தப் பயம் எங்கே நிற்கிறது என்று பிடித்துத் தள்ளுவது? சொன்னால் ஆயுசு குறையும். உள்ளே அவர் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடந்தால், இருக்கிற கொஞ்சம் ஆயுசையும் நானே அறுத்துவிடுவேனோ? சொல்லாவிட்டால், நான் வந்தது தெரியாமலே கிடந்து... அதற்கு மேல் நினைக்கவில்லை.

அப்போது கையில் தகர மூடி இருந்தது. அதைப் பார்த்தேன். பச்சை எழுத்து நான்கு. ஒரு யோசனை வந்தது. நான் ஏன் சொல்ல வேண்டும்? படிக்கலாமே. அவர் எழுதியதை நான் படிக்கிறேன், அவ்வளவுதான். குற்றம் இருந்தால் தகரத்தின் மேல் போகட்டும். முதல் எழுத்தில் விரலை வைத்தேன். படித்தேன். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. பள்ளிக்கூடம் போன பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக, சத்தமாக.

நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

எழுத்துக் கூட்டியது பெயராகி என் காதில் விழுந்தது. அத்தனை வருஷம் மற்றவர்கள் வாயில்தான் அதைக் கேட்டிருக்கிறேன். என் குரலில் அது வேறு மாதிரி இருந்தது. இனிப்பாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள். இரண்டாம் தடவை மூடியைப் பார்க்கவில்லை. ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன். மூன்றாம் தடவை கத்தினேன்.

தூரத்து மூலையிலிருந்து, தரையிலிருந்து, ஒரு குரல் வந்தது.

"ஏட்டி! மெதுவாட்டி! ஊருக்கே கேக்குது!"

நர்ஸின் கை தானாகவே கீழே இறங்கிவிட்டது. ஓடினேன். ஒரு கால் முழுக்கக் கட்டு. துணி கட்ட ஏறின சுவரிலிருந்து, ஜனங்கள் ஓடிய ஓட்டத்தில் விழுந்து எலும்பு முறிந்திருக்கிறது. இரண்டு நாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்ததால் யாரும் பெயர் கேட்டு எழுதவில்லை. தாடி முளைத்து, நெற்றியில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அதை ரத்தம் என்று நினைத்து நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"பேரச் சொல்லிட்டியேட்டி" என்றார். கோபமா, பயமா, சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

"நான் எங்க சொன்னேன்? எழுதியிருந்ததப் படிச்சேன்."

"மூணாவது தடவையும் படிச்சியா?"

நான் கஞ்சியைத் திறந்தேன். குடித்துக்கொண்டே, "பாதிதான் இருக்கு, மீதி எங்க?" என்றார்.

"கார்டுக்காரருக்குக் குடுத்துட்டேன்" என்றேன். அவருக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை. எனக்குத்தான் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் நடுவில். அதுவும் எங்கள் ஊரில் வழக்கம் இல்லை.

அதற்கப்புறம் தினமும் இரண்டு பேருக்கு அளந்துதான் கஞ்சி கொண்டுபோனேன். ஐந்தாம் நாள் எட்டாம் நம்பர் கட்டிலில் வேறு ஆள் இருந்தார். சேலத்துக்காரரின் அக்கா வந்து கூட்டிப்போனாள் என்று பக்கத்துக் கட்டில்காரர் சைகையில் சொன்னார். நான் நம்பினேன். இன்று வரை நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சங்கடம். கார்டுப் பெயரைச் சொல்லி இனி எப்படி விளையாடுவது? அது ஒரு ஆளின் பெயர். உதடு வெடித்து, தண்ணீர் கேட்ட ஆளின் பெயர். இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளாமல் அதை நிறுத்திவிட்டோம். நான் திரும்பவும் கரண்டியைத் தட்ட ஆரம்பித்தேன். உண்மைப் பெயரை வீட்டில் நான் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் இல்லை. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிது. முன்பு பூட்டிய கதவு, இப்போது நானே சாத்திவைத்த கதவு. என் மகள் பேசுகிற சுதந்திரத்தில் இது சேருமா என்று எனக்குத் தெரியாது. அவள் தன் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் கரண்டியைத் தட்டினால் மருமகன் திரும்ப மாட்டார், அதையும் கவனித்திருக்கிறேன்.

நான் பெயர் சொன்னது மதினிக்கு மட்டும் ஆறவே இல்லை. அவருக்குத் தும்மல் வந்தால்கூட, "நீ கூப்பிட்ட பலன்" என்பாள்.

சுதந்திரம் வந்த வருஷம் புதுக் கார்டு வாங்க வேண்டி வந்தது. இந்த முறை அவருக்கு லீவு இருந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு என்னோடு மாட்டுங்கா வரைக்கும் வந்தார். ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டார்.

"கால் வலிக்கி. நீயே போயிட்டு வா."

கால் வலிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதே மேசை, அதே மாட்டுங்காக்காரர். சந்தனம் இருந்தது, தலைமுடி கொஞ்சம் குறைந்திருந்தது. என் முறை வந்தது.

"ஆத்துக்காரர் பேர்?"

நிமிர்ந்து நின்றேன். தெளிவாக, நான்கு எழுத்தையும் ஒன்றும் விழுங்காமல் சொன்னேன். பின்னால் நின்ற எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அந்த மனிதர் எனக்காக நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. எழுதினார், குத்தினார், நீட்டினார்.

"அடுத்தது."

வெளியே வந்தேன். அவர் ஓட்டல் வாசலில் கம்பில் சாய்ந்துகொண்டு, காப்பி வாசனையை இலவசமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"எப்படிச் சொன்ன? சரியாச் சொன்னியா? எங்க, இன்னொரு தடவ சொல்லு பாப்போம்."

"அதெல்லாம் ஆபீசுக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு நான் முன்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும், அவர் பின்னால் வருகிறாரா என்று தெரிந்துகொள்ள, வளையல் கையை ஒரு தடவை உதறினேன். பின்னாலிருந்து கம்பு இரண்டு தட்டுத் தட்டியது.